கீச்சுன்னா என்ன... கிடுகிடுன்னா என்ன?

செமஸ்டர் முடிஞ்சாச்சு. கேன்டீன் டேபிள்ல யாரோ ஒருத்தன் 'ஊட்டி?'னு ஒரே ஒரு வார்த்தைதான் சொல்லியிருப்பான். அரை மணி நேரத்துல பட்ஜெட் போட்டு, யார் வீட்டுல கார் இருக்குனு கணக்கெடுத்து, அப்பாகிட்ட பெர்மிஷன் வாங்குற பொறுப்பையும் ஒரு அப்பாவி தலையில கட்டியிருப்பீங்க. எட்டு பத்து வருஷம் ஓடின ஹேட்ச்பேக். அஞ்சு பேர், அஞ்சு பை, ஒரு கிடார் (யாருக்கும் வாசிக்கத் தெரியாது). முதல் டோல்கேட்ல பிரேக் மிதிச்சதும் 'கீச்ச்ச்ச்...'. தொண்ணூறைத் தொட்டதும் ஸ்டியரிங்ல லேசா ஒரு உதறல். உடனே பின் சீட்டுல இருந்து ஒரு கை நீண்டு பாட்டு சவுண்டைக் கூட்டும். சத்தம் போயே போச்சு!

போகலை பாஸ். அது அங்கேயேதான் இருக்கு. நீங்க மலை ஏறி, இறங்குற வரைக்கும் கூடவே வரும்.

அந்த கீச்சுக்கு அர்த்தம் 'காலையில பனி பெஞ்சிருக்கு, கண்டுக்காதே'னும் இருக்கலாம். 'இன்னும் 500 கிலோமீட்டர்தான் நான் தாங்குவேன்'னும் இருக்கலாம். ரெண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க மெக்கானிக்கல் டிகிரி தேவையில்லை. காதும், கையும், கொஞ்சம் பொறுமையும் போதும்.

'அண்ணே, சத்தம் வருது!'

எந்த ஒர்க் ஷாப்புக்குப் போனாலும் நாம சொல்ற டயலாக் இதுதான். 'அண்ணே, ஒரு மாதிரி சத்தம் வருது.' 'எங்க வருது தம்பி?' 'முன்னாடி... இல்ல, பின்னாடி மாதிரியும் இருக்கு.' 'எப்ப வருது?' 'ஓட்டும்போது!' ஓட்டும்போதுதாங்க வரும், நிறுத்தி வச்சிருக்கும்போதா வரும்? பாவம், அந்த அண்ணன் என்ன பண்ணுவார்? தோதா எது கண்ணுல படுதோ அதைக் கழட்டுவார். பேட் மாத்து, டிஸ்க் மாத்து, பெயரிங் மாத்துனு பில் நீளும். கடைசியில வீட்டுக்கு வந்தா அதே சத்தம்.

அவர் ஏமாத்துறார்னு சொல்ல வரலை. தலைவலினு சொல்லாம, 'உடம்புல எங்கேயோ வலிக்குது'னு டாக்டர்கிட்ட சொன்னா அவரும் எல்லா டெஸ்ட்டும்தான் எழுதுவார். அதனால, ஒர்க் ஷாப்புக்குப் போறதுக்கு முன்னாடி மூணு விஷயத்தை மட்டும் நீங்களே கவனிச்சு வச்சுக்குங்க. பிரேக் மிதிக்கும்போது மட்டும் வருதா, மிதிக்காமலும் வருதா? எந்த வேகத்துல வருது, வேகம் கூடினா கூடுதா, இல்ல ஒரு ரேஞ்சைத் தாண்டினா மறைஞ்சுடுதா? உதறல்னா, அது ஸ்டியரிங்ல தெரியுதா, சீட்டுல தெரியுதா, பிரேக் பெடல்ல தெரியுதா? இதை மட்டும் சரியா சொல்லிட்டீங்கன்னா பாதி வைத்தியம் முடிஞ்சது.

கீச்!

நம்ம ஊர் சின்ன கார்கள்ல பெரும்பாலும் முன்னாடி டிஸ்க் பிரேக், பின்னாடி டிரம். டிஸ்க்ங்கிறது சக்கரத்தோட சேர்ந்து சுத்துற வார்ப்பிரும்புத் தட்டு. அதை ரெண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிறதுதான் பேட். கவ்வுற கைக்குப் பேரு காலிப்பர். சைக்கிள் பிரேக்கை மனசுல வச்சுக்குங்க, அதே கதைதான்.

ரெண்டு பொருள் அழுத்தி உரசும்போது வழவழனு வழுக்காது. ஒட்டும், விடும், திரும்ப ஒட்டும், விடும். இது ஒரு செகண்டுக்கு ஆயிரக்கணக்கான தடவை நடந்தா அதுதான் 'கீச்'. கரும்பலகையில சாக்பீஸைச் செங்குத்தாப் பிடிச்சு இழுத்தா வகுப்பே காதைப் பொத்துமே, அதே பிசிக்ஸ். நம்ம காது 2,000-ல இருந்து 5,000 ஹெர்ட்ஸ் வரைக்கும் ரொம்ப கூர்மை. பிரேக் கீச்சுல பெரும்பகுதி கரெக்டா அந்த ஏரியாவுலதான் வந்து உட்காரும்.

இது இன்னிக்கு நேத்து பிரச்னை இல்லை. 1902-ல இங்கிலாந்துல பிரெடரிக் லான்செஸ்டர்ங்கிற இன்ஜினீயர் டிஸ்க் பிரேக்குக்கு பேடன்ட் வாங்கினப்பவே இந்தத் தொல்லை ஆரம்பிச்சாச்சு. அவர் வச்சது செம்பு பேட். செம்பு இரும்போட உரசினா எப்படிக் கத்தும்னு நினைச்சுப் பாருங்க! சில வருஷம் கழிச்சு ஹெர்பர்ட் ஃப்ரூட் கல்நார் கலந்த லைனிங் கொண்டு வந்த பிறகுதான் கொஞ்சம் அமைதி. (அந்தக் கல்நார் நுரையீரலுக்கு எமன்னு பிறகுதான் தெரிஞ்சது. இப்பவும் பிரேக் தூசியை ஏர் அடிச்சு ஊதுற இடத்துல மூக்கை நீட்டிக்கிட்டு நிக்காதீங்க.)

சரி, மேட்டருக்கு வருவோம். காலையில வண்டியை எடுத்ததும் முதல் நாலஞ்சு பிரேக்குல மட்டும் 'கர்ர்... கீச்', அப்புறம் சைலன்ட்னா சந்தோஷமா போங்க. ராத்திரி மழையிலயோ, கழுவிவிட்ட தண்ணியிலயோ டிஸ்க் மேல மெல்லிசா துரு பிடிச்சிருக்கும். பேட் அதைத் துடைச்சு எடுத்துடும். சென்னை மாதிரி கடலோர ஊர்ல இது தினசரிக் கச்சேரி.

நாள் முழுக்க, பிரேக் மிதிக்கும்போதெல்லாம் சன்னமா, கூர்மையா ஒரு கீச் வருதா? இப்போ உஷார். நிறைய பேட்கள்ல ஒரு சின்ன இரும்புத் தகடு வச்சிருப்பாங்க. பேட் தேஞ்சு ரெண்டு மூணு மில்லிமீட்டர்தான் மிச்சம்ங்கிற நிலைமைக்கு வந்ததும், அந்தத் தகடு டிஸ்க்கைத் தொட்டு வேணும்னே கத்தும். சத்தம்தான் அதோட வேலையே! எலெக்ட்ரானிக்ஸ் ஏதும் இல்லாம, ஒரு துண்டுத் தகட்டுல அலாரம் வச்சவன் நிச்சயமா நல்ல இன்ஜினீயர்.

பேட் எவ்வளவு மிச்சம் இருக்குனு நீங்களே பார்க்கலாம். அலாய் வீல்னா வெளியில இருந்தே டார்ச் அடிச்சா தெரியும். புதுசுல கிட்டத்தட்ட 10 மில்லிமீட்டர் இருக்கும். ரெண்டு ஒரு ரூபாய் காசை ஒண்ணு மேல ஒண்ணு வச்ச உயரத்துக்கு வந்துட்டா மாத்துற நேரம். ஆனா, வெளிப் பக்க பேட்டை மட்டும் பார்த்துட்டு 'நல்லா இருக்குடா'னு சர்டிஃபிகேட் கொடுத்துடாதீங்க. உள் பக்கம் இன்னொண்ணு இருக்கு. காலிப்பர் நகர்ற பின்ல கிரீஸ் காய்ஞ்சு இறுகிப்போச்சுன்னா வெளி பேட் புதுசு மாதிரி இருக்கும், உள் பேட் எலும்பும் தோலுமா இருக்கும். சக்கரத்தைக் கழட்டினாதான் வண்டவாளம் தெரியும்.

பேட் நல்லா இருந்தும் கத்துதா? சூட்டுல பேட் முகம் கண்ணாடி மாதிரி பளபளப்பா ஆகியிருக்கலாம். பேட்டுக்குப் பின்னாடி இருக்கிற மெல்லிய ஷிம் தகட்டைப் போன தடவை மாட்டாமலே விட்டிருக்கலாம். மெக்கானிக் உப்புத்தாள் போட்டு முகத்தைத் தேய்ச்சு, பின் பக்கமும் பின்களுக்கும் பிரேக்குக்கான கிரீஸ் லேசா தடவி மாட்டினா அடங்கிடும். யாராவது 'சத்தம் வர்ற இடத்துல ஒரு சொட்டு எண்ணெய் விடு மச்சி'னு ஐடியா கொடுத்தா, அவனை அன்னிக்கு முழுக்க வண்டியில ஏத்தாதீங்க. பேட் மேல எண்ணெய் பட்டா சத்தம் நிக்கும். வண்டி நிக்காது!

கரகர!

கீச் போய் 'கரகர'னு அம்மியில அரைக்கிற சத்தம் வந்துட்டா, அந்த நிமிஷமே டூர் கேன்சல். பேட் முழுசா தேஞ்சு, பின்னாடி இருக்கிற இரும்புத் தகடே டிஸ்க்கை அரைக்குதுனு அர்த்தம். பிரேக் பிடிக்கும், ஆனா பாதிதான் பிடிக்கும். பேட் செலவோட போக வேண்டியது டிஸ்க் செலவாகவும் வந்து நிக்கும். கத்தின தகட்டோட பேச்சைக் கேட்காததுக்கு அபராதம்!

பிரேக் மிதிக்காமலே 'சர்ர்ர்'னு தொடர்ந்து உரசுதா? பயப்படாம பாருங்க. டிஸ்க்குக்குப் பின்னாடி இருக்கிற தகரத் தட்டுக்கும் டிஸ்க்குக்கும் நடுவுல ஒரு ஜல்லி மாட்டியிருக்கும். புதுசா ரோடு போடுற இடத்துல போனா இது ரொம்ப சகஜம். ரிவர்ஸ்ல கொஞ்ச தூரம் போனா சில நேரம் தானே விழுந்துடும்.

பின் சக்கரத்துல இருந்து 'டக்'னு ஒரு சத்தம், அதுவும் கழுவி ஹேண்ட்பிரேக் போட்டு ராத்திரி முழுக்க நிறுத்தின மறுநாள்னா, டிரம்முக்குள்ள ஷூ ஒட்டிக்கிட்டு விட்ட சத்தம். ஒரே ஒரு தடவை வந்துட்டுப் போயிடும்.

பிரேக்குக்குச் சம்பந்தமே இல்லாம ஒரு 'ஊஊம்' ரீங்காரம், வேகம் கூடக் கூடக் கூடுதுனா சந்தேகம் பெயரிங் மேல. இதுக்கு ஒரு அழகான டெஸ்ட் இருக்கு. நல்ல அகலமான வளைவுல இடது பக்கம் திரும்பும்போது எடை வலது சக்கரத்து மேல சாயும். அப்போ ரீங்காரம் கூடினா வலது பெயரிங். வலது பக்கம் திரும்பும்போது கூடினா இடது. டயர் சத்தம்னா எந்தப் பக்கம் திரும்பினாலும் பெரிசா மாறாது.

கிடுகிடு!

இப்போ உதறலுக்கு வருவோம். எனக்குப் பிடிச்ச ஏரியா. ஏன்னா, க்ளாஸ்ல தூங்கிட்டே எழுதின ஃபார்முலா ஒண்ணு நிஜ ரோட்டுல வேலை செய்யறதை இங்கேதான் பார்க்கலாம்.

பிரேக் மிதிக்கலை. நேரான ரோடு. 80-ஐத் தாண்டினதும் ஸ்டியரிங் மெல்ல நடுங்க ஆரம்பிக்குது. 90, 100-ல உச்சம். 115 போனா குறைஞ்ச மாதிரி ஆயிடுது. 'பார்த்தியா, வேகமா போனா சரியாயிடுது'னு ஒரு அறிவாளி சொல்வான். அவன் சொல்ற காரணம்தான் தப்பு, நடக்கிறது நிஜம்.

ஸ்விஃப்ட் மாதிரி கார்ல வர்ற 165/80 ஆர்14 டயரை எடுத்துக்குங்க. சுற்றளவு கிட்டத்தட்ட 1.95 மீட்டர். 100 கிலோமீட்டர் வேகத்துல அது செகண்டுக்கு 14 தடவை சுத்தும். இப்போ ரிம் ஓரத்துல இருந்து 20 கிராம் பேலன்ஸ் வெயிட் ஒண்ணு கழண்டு விழுந்துடுச்சுனு வைங்க. 20 கிராம்தானே? நிறை, ஆரம், கோண வேகத்தோட வர்க்கம் மூணையும் பெருக்குங்க. 29 நியூட்டன் வரும். அதாவது கிட்டத்தட்ட 3 கிலோ எடை, செகண்டுக்கு 14 தடவை உங்க சக்கரத்தைப் பிடிச்சு மேலயும் கீழயும் இழுக்குது! 50 கிலோமீட்டர் வேகத்துல இதுல கால்வாசிதான். அதான் ஊருக்குள்ள ஓட்டுற அப்பாவுக்கு இது தெரியவே தெரியாது. 'எங்கிட்ட ஓடும்போது நல்லாதான்டா இருந்துச்சு'னு அவர் சொல்றது பொய்யில்லை.

சரி, 115-ல ஏன் குறையுது? சஸ்பென்ஷன்ல தொங்குற சக்கரத்துக்குன்னு ஒரு இயல்பான அதிர்வெண் இருக்கு. பெரும்பாலான கார்கள்ல 10-ல இருந்து 15 ஹெர்ட்ஸுக்குள்ள. நம்ம டயர் 80-ல 11 தடவை, 100-ல 14 தடவை. ரெண்டும் ஒத்துப்போற இடத்துல ஆட்டம் உச்சத்துக்குப் போகும். தாண்டிட்டா அடங்கும். ப்ளஸ் ஒன் பிசிக்ஸ்ல 'ஒத்ததிர்வு'னு மனப்பாடம் பண்ணினோமே, சாட்சாத் அதுதான்!

இதுக்கு மருந்து வீல் பேலன்சிங். அலைன்மென்ட் இல்லை. இதைப் போல்டா சொல்றேன், ஏன்னா பாதிப் பேர் உதறலுக்கு அலைன்மென்ட் பண்ணிட்டு காசு போச்சேனு புலம்புறாங்க. வண்டி ஒரு பக்கமா இழுத்தாலோ, டயர் ஒரு ஓரம் மட்டும் தேஞ்சாலோ அலைன்மென்ட். குறிப்பிட்ட வேகத்துல நடுங்கினா பேலன்சிங். முன் சக்கரம்னா நடுக்கம் ஸ்டியரிங்ல தெரியும், பின் சக்கரம்னா சீட்டுலயும் தரையிலயும் தெரியும். சந்தேகமா இருந்தா முன் சக்கரங்களைப் பின்னாடி மாத்திப் போட்டு ஓட்டிப் பாருங்க. நடுக்கமும் இடம் மாறி சீட்டுக்கு வந்துட்டா ஆள் சிக்கியாச்சு.

அதுக்கும் முன்னாடி காசே இல்லாத ஒரு வைத்தியம். மழைக்காலத்துல கிராமத்து ரோட்டுல போயிட்டு வந்தா ரிம்மோட உள் பக்கம் சேறு அப்பி, காய்ஞ்சு கல்லா நிக்கும். 20 கிராமுக்கே இந்த ஆட்டம்னா, கால் கிலோ சேறு என்ன ஆட்டம் ஆடும்? பேலன்சிங் போறதுக்கு முன்னாடி உள் பக்கத்தைச் சுரண்டிக் கழுவுங்க.

ஆனா, 30, 40 வேகத்துலயே ஸ்டியரிங் இடமும் வலமுமா ஆடுதா? அது பேலன்சிங் சமாசாரம் இல்லை. டயரைக் கையால தடவிப் பாருங்க. பள்ளத்துல அடி வாங்கி ரிம் வளைஞ்சிருக்கும். இல்லைனா டயர்ல எங்கேயாவது கொப்புளம் மாதிரி வீங்கியிருக்கும். வீங்கின டயருக்கு எந்த சிகிச்சையும் கிடையாது. உள்ளே நூலிழை அறுந்தாச்சு. எப்ப வெடிக்கும்னு அதுக்கே தெரியாது. ஸ்டெப்னியை மாட்டுங்க, நேரா டயர் கடைக்குப் போங்க.

டிஸ்க் நிஜமாவே வளைஞ்சுதா?

பிரேக் மிதிச்சா மட்டும் உதறல். ஸ்டியரிங் ஆடுது, பெடல் காலுக்கடியில துள்ளுது. வேகம் குறையக் குறைய துள்ளலும் நிதானமாகி நின்னுடுது. எந்த ஷெட்டுலயும் ஒரே தீர்ப்பு: 'டிஸ்க் பெண்ட் ஆயிடுச்சு தம்பி.'

இங்கேதான் ஒரு சுவாரஸ்யம். 1966-ல லே மான் பந்தயத்துல ஃபோர்டு ஜி.டி.40 ஜெயிச்சப்ப அந்த டீம்ல இருந்தவர் கரோல் ஸ்மித். ரேஸ் கார் இன்ஜினீயரிங் பத்தி அவர் எழுதின புத்தகங்கள் அந்தத் துறையில பாடப் புத்தகம் மாதிரி. டிஸ்க் வளையுதுங்கிறதே பெரும்பாலும் கட்டுக்கதைனு அடிச்சுச் சொன்னவர் அவர். டிஸ்க் அப்பளம் மாதிரி வளையறதில்லை. அதோட தடிமன் இடத்துக்கு இடம் மாறுது, அவ்வளவுதான். 0.02 மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தாலே காலுக்குத் தெரிஞ்சுடும். ஒரு தலைமுடியோட தடிமன்ல இது கால்வாசி சுமாருக்குதான் வரும்!

எப்படி வருது இந்த வித்தியாசம்? ஒரு வழி சூடு. ஹைவேயில வேகமா வந்து டோல்கேட்ல சடக்குனு நிறுத்தி, பிரேக்கை அழுத்திப் பிடிச்சபடியே நிக்கிறீங்க. கொதிக்கிற டிஸ்க் மேல பேட் பொருள் முத்திரை குத்தின மாதிரி ஒட்டிக்கும். அடுத்த தடவை அந்த இடம் மட்டும் கூடுதலா பிடிக்கும், கூடுதலா சூடாகும், இன்னும் ஒட்டும்.

இன்னொரு வழிதான் யாருமே சந்தேகப்படாத வில்லன், வீல் நட்! பஞ்சர் கடையில அவசரத்துல ஏர் கன்னை வச்சு 'டர்ர்ர்'னு வரிசையா முறுக்கிடுவாங்க. ஒண்ணு இறுக்கம், ஒண்ணு தளர்வு. இல்லைனா, ஹப் மேல இருக்கிற துருவைச் சுத்தம் பண்ணாமலே டிஸ்க்கை மாட்டிடுவாங்க. டிஸ்க் நூல் பிசகினாப்ல சாய்ஞ்சு உட்காரும். அன்னிக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா, நீங்க பிரேக்கே மிதிக்காம ஓட்டும்போதும் ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு தடவை அந்த மேடு பேட்டைத் தொட்டுத் தொட்டுத் தேயும். ஆயிரம் ரெண்டாயிரம் கிலோமீட்டர் ஓடின பிறகுதான் துள்ளல் ஆரம்பிக்கும். அதுக்குள்ள அந்த பஞ்சர் கடையே உங்களுக்கு மறந்துபோயிருக்கும்!

அதனால நட்டுகளை அடுத்தடுத்ததா முறுக்காம, நட்சத்திரம் போடுற மாதிரி எதிரெதிரா முறுக்கச் சொல்லுங்க. எத்தனை நியூட்டன் மீட்டர்னு காரோட கையேட்டுலயே போட்டிருக்கும். சின்ன கார்களுக்கு 100 சுமாருக்கு வரும். டார்க் ரெஞ்ச் இல்லாத கடையா? கடைசி முறுக்கை ஏர் கன்ல வேண்டாம், கையால போடுங்கனு கேளுங்க. முறைப்பாங்க. பரவாயில்லை.

துள்ளல் வந்தே விட்டதுன்னா உடனே புது டிஸ்க்குக்கு ஓடாதீங்க. ஹப்பைச் சுத்தம் பண்ணி, டயல் கேஜ் வச்சு டிஸ்க்கோட ஆட்டத்தைப் பார்க்கச் சொல்லுங்க. 0.1 மில்லிமீட்டரைத் தாண்டினா ஏதோ கோளாறு. லேத்ல விட்டு டர்னிங் போடலாம். ஆனா, எவ்வளவு தடிமனுக்குக் கீழ போகக்கூடாதுனு டிஸ்க் மேலயே பெரும்பாலும் பொறிச்சிருக்கும். அதுக்குக் கீழ போனா மாத்தித்தான் ஆகணும். பின் டிரம் மேல சந்தேகமா? ஆளில்லாத நேர் ரோட்டுல 30 வேகத்துல, ஹேண்ட்பிரேக் பட்டனை அழுத்திப் பிடிச்சபடியே மெதுவா இழுத்துப் பாருங்க. அது பின் சக்கரத்தை மட்டும்தான் பிடிக்கும். அப்பவும் துள்ளினா முன் டிஸ்க் மேல பழி போடாதீங்க.

ஒரு இடைச்செருகல். சடன் பிரேக் அடிக்கும்போது பெடல் 'டகடகடக'னு காலை உதைச்சா, அது ஏ.பி.எஸ். 2019 ஏப்ரல்ல இருந்து இங்கே புதுக் கார்களுக்கு அது கட்டாயம். பயந்து காலை எடுத்துடாதீங்க. அழுத்தமா மிதிச்சபடியே திருப்புங்க, அதுக்காகத்தான் அது இருக்கு.

மலை இறங்கணுமே!

இவ்வளவு சொன்னதுக்குக் காரணம், ஊருக்குள்ள தொந்தரவா மட்டும் இருக்கிற கோளாறு மலையில ஆளைக் கவுத்துடும். ஒரு டன் எடைக் கார் 100 வேகத்துல இருந்து நிக்கும்போது, பிரேக் முழுங்குற சூட்டுல ஒண்ணேகால் லிட்டர் தண்ணியைக் கொதிக்க வைக்கலாம். குன்னூர்ல இருந்து மேட்டுப்பாளையம் இறங்கினா உயர வித்தியாசம் சுமார் 1,500 மீட்டர். கால்குலேட்டர்ல தட்டிப் பாருங்க. பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினா, 100 வேகத்துல இருந்து 38 தடவை முழுசா நிறுத்துற சூடு! கொல்லிமலையில 70 ஹேர்பின், வால்பாறையில 40, கல்லட்டியில 36. எல்லா இடத்துலயும் இதே கணக்குதான்.

பிரேக் ஆயிலுக்கு ஒரு கெட்ட குணம், காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 3 ஆயில் 205 டிகிரி வரைக்கும் கொதிக்காம தாங்கும். தண்ணி சேர்ந்த பிறகு 140 டிகிரிக்கு இறங்கிடும். டாட் 4-னா 230, 155. கொதிச்சா குழாய்க்குள்ள ஆவிக் குமிழ். குமிழை அழுத்தினா அமுங்கும், பிரேக் பிடிக்காது. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஆயில் மாத்தச் சொல்றது இதுக்காகத்தான். சத்தமோ, உதறலோ எதுவுமே காட்டாத கோளாறு இது. ஆயில் அளவு குறைஞ்சிருந்தா கண்ணை மூடிக்கிட்டு டாப் அப் பண்ணாதீங்க. பேட் தேயத் தேய அளவு இறங்கும், அது கணக்கு. திடீர்னு இறங்கினா எங்கேயோ லீக். ஹேண்ட்பிரேக் இறக்கியும் சிவப்பு லைட் எரிஞ்சா வண்டியை எடுக்கவே வேண்டாம்.

கிளம்புறதுக்கு முந்தின நாள் ஒரு வேலை. பிரேக்கை அதிகம் மிதிக்காம பத்து கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்து, நாலு சக்கரத்துக்கும் பக்கத்துல புறங்கையைக் காட்டுங்க. தொடாதீங்க, சுட்டுடும். இடது முன் சக்கரம் வெதுவெதுப்பு, வலது முன் சக்கரம் அனல்னா, வலது காலிப்பர் பிடிச்ச பிடியை விடலை. நேரே ஷெட்டுக்கு.

இறங்கும்போது ஏறின கியர்லயே இறங்குங்க. செகண்ட் போதும், பல வளைவுல ஃபர்ஸ்ட். நியூட்ரல்ல விட்டு பெட்ரோல் மிச்சம் பண்ற பிசினஸ் வேண்டவே வேண்டாம். பிரேக்கை அழுத்தமா மிதிச்சு வேகத்தைக் குறைச்சு, காலை எடுத்து ஆற விடுங்க. எந்நேரமும் லேசா மிதிச்சபடியே வர்றதுதான் ஆபத்து. கருகல் வாசனை வந்தாலோ, பெடல் மெத்து மெத்துனு உள்ளே போனாலோ, டக்டக்னு ரெண்டு மூணு தடவை பம்ப் பண்ணி, கியரைக் குறைச்சு, ஹேண்ட்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமா இழுத்து, மலைச்சரிவு இருக்கிற பக்கமா ஓரம் கட்டுங்க. சக்கரத்துக்குக் கல் வைங்க. சூடான டிஸ்க்ல பாட்டில் தண்ணியை ஊத்த ஒருத்தன் ஓடி வருவான், தடுத்துடுங்க. விரிசல் விட்டுடும்.

அரை மணி நேரம் ஆறினதும் பெடல் பழையபடி கெட்டியாயிடும். 'சரியாயிடுச்சுடா!'னு எல்லாரும் கை தட்டுவாங்க. குமிழ் அடங்கியிருக்கு, தண்ணி சேர்ந்த ஆயில் அப்படியேதான் இருக்கு. முடிஞ்சா அங்கேயே ஆளை வரச் சொல்லுங்க. முடியாதுன்னா ஃபர்ஸ்ட் கியர்ல, ஊர்ந்து, நடுவுல நிறுத்தி நிறுத்தி வாங்க. மேட்டுப்பாளையம் வந்ததும் முதல்ல மெக்கானிக் ஷெட், அப்புறம்தான் டீக்கடை.